ஆறாவது போத்தல்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றி முதுகெலும்போடு பிறந்து செத்த எதுவும் போத்தல் அண்ணனிடமிருந்து தன் மூளையைக் காப்பாற்றிக்கொண்டதில்லை. மனிதர்கள் மட்டும் தப்பினோம். அதுவும் அவர் கேட்காததால் அல்ல.

புளியந்தீவில் நான் விலங்கியல் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அவர் ஆய்வுகூட உதவியாளர். படித்தது எட்டாம் வகுப்பு. மீன், தவளை, ஓணான், கோழி, ஆடு என்று ஐந்து மூளைகளை ஐந்து போத்தல்களில் வரிசையாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் இருப்பது அதே சாமான்கள்தான், மீனுக்குப் பார்வைப் பக்கம் வீங்கிவிட்டது, ஆட்டுக்கு மேல்பக்கம் மடிப்பு மடிப்பாகப் பெருத்துவிட்டது, அவ்வளவுதான் என்பார். நான் ஒரு பள்ளித் தவணை முழுக்கப் படிப்பித்ததை ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்.

ஆறாவது போத்தல் காலி. அதில் ‘மனிதன்’ என்று லேபல் ஒட்டியிருந்தார். ஒருநாள் இடைவேளையில் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர், நீங்க செத்தாப்பிறகு அத எனக்குத் தருவீங்களா? படிச்ச மூளை. மடிப்பு வடிவா இரிக்கும்.”

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது.

கடலோரத்தில் இருந்த அவர் வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. துடைத்து வைக்கவென்று விடுமுறைக்குக் கொண்டுபோயிருந்த போத்தல்களும் போயின. அவர் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினார். பிணம் தின்ற மீன் என்று ஊரே மீனைத் தொடாத அந்த மாதங்களில், வியாபாரியின் முன்னால் அவர் மட்டும் நின்றார்.

“மீன் என்ன செய்த? அதுட வீட்டுக்க நாமதானே போய் விழுந்தம்.”

தலையைப் பிளந்து மூளையை எடுத்துக்கொண்டார். உடம்பைக் கறிவைத்து அகதி முகாமில் எல்லாரும் பார்க்கத் தின்றார். இரண்டு பேர் வாந்தியெடுத்தார்கள். ஒரு வருடத்தில் ஆறு போத்தல்களும் திரும்ப வரிசைக்கு வந்துவிட்டன.

போர் முடியப்போகிற காலம். கிரானில் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞானக் கண்காட்சியில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். போத்தல்களைக் கொண்டுவரச் சொன்னது நான். காலிப் போத்தல் எதற்கு என்று கேட்டேன். வரிசை குலையக்கூடாது என்றார். போத்தல்களில் இருப்பது என்னவென்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் தந்த கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. பஸ்ஸில் நான் முன்னால், அவர் பின்னால், மடியில் பை.

சித்தாண்டி தாண்டிய ஒரு சோதனைச் சாவடியில் பையை அவிழ்த்தார்கள். ஆட்டு மூளையைக் கண்ட சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவன் காலிப் போத்தலைத் தூக்கினான்.

“இதில இருந்த ஆள் எங்க?”

“ஆள் இன்னும் சாகல்ல, தம்பி.”

யார் அந்த ஆள் என்று கேட்டார்கள். போத்தல் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நான் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. இவரைத் தெரிந்தவர்கள் உண்டா என்று எங்களைக் கேட்டார்கள்.

நான் என் செருப்பைப் பார்த்தேன். கடிதத்தை நீட்டி, அது ஆடு என்று சொன்னால் போதும். அந்தப் பஸ்ஸில் அதைச் சொல்லக்கூடிய பட்டதாரி நான் ஒருவன்தான். சொல்லவில்லை. அவரை இறக்கிவிட்டு பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். கிரானில் நான் மீனிலிருந்து மனிதன் வரை மூளையின் கூர்ப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் அவர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. யாரோ ஒரு டொக்டர் வந்து ஆடு என்று சொன்ன பிறகுதான் விட்டார்களாம்.

“தவளைதான் உடைஞ்சி போச்சு, சேர்.”

நான் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். “அண்ணன், நான் பயந்திட்டன்.”

அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. போத்தல்களைத்தான் பார்த்தார்.

“பயம் மீனுக்கும் இரிக்கு, ஆட்டுக்கும் இரிக்கு. உங்களுக்கு மட்டும் இல்லாமப் போகுமா, சேர்?” என்றார். பிறகு தவளை தேடப் போய்விட்டார்.

போர் முடிந்து சில வருடங்களில் அவர் இறந்தார். போத்தல்கள் இப்போது என் வீட்டில். சென்ற மாதம் தலைச்சுற்று என்று எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வயதுக்கேற்ப மூளை சுருங்கியிருக்கிறதாம், மடிப்புகள் பரவாயில்லையாம். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட ஒருவர் இல்லை.

ஆறாவது போத்தலைக் கிழமைக்கு ஒருமுறை துடைத்து வைக்கிறேன். அவர் வந்து இன்னொரு முறை கேட்டால், நான் சத்தம் போடமாட்டேன்.