றெமீடியல் குணரத்தினம்

சொல் வீரர்கள் என்றொரு மனித இனம் உண்டு. கோளாறு ஒன்றைக் கண்டால் கைவைக்க மாட்டார்கள். அதற்குப் பொருத்தமான ஆங்கிலச் சொல்லைத் தேடுவார்கள். சொல் அகப்பட்டதும் கோளாறே தீர்ந்ததுபோல் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் கேட்பார்கள்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த குணரத்தினம் இந்த இனத்தின் சிகரம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் வாயிலிருந்து விழுந்த 'றெமீடியல்' என்ற சொல்லை அவர் பொறுக்கி வந்திருந்தார். கறியில் உப்புக் கூடினாலும், ஆடு வேலியைப் பிரித்தாலும், மைத்துனன் குடித்துவிட்டு வந்தாலும் ஒரே தீர்ப்பு: "றெமீடியல் மெஷர்ஸ் எடுக்கவேணும்!"

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி வந்தபோது, அவர் குடியிருந்த ஒழுங்கையின் பொதுப் பதுங்குகுழி மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. அதற்குப் பொறுப்பாளர்? வேறு யார்!

"இடுப்பளவு தண்ணி நிக்குது. இறைக்க ஆக்களைக் கூப்பிடுங்கோவன்," என்றாள் மனைவி கனகம்மா.

"ஓம், றெமீடியல் மெஷர்ஸ் எடுப்பம்."

"அப்பிடியெண்டா என்ன அண்ணன்?" என்று கேட்டாள் கைக்குழந்தையோடு நின்ற பக்கத்து வீட்டு ரபீக்கா.

குணரத்தினத்துக்கு உச்சி குளிர்ந்தது. "பிழையைத் திருத்துற எண்டு அர்த்தம், தங்கச்சி. பெயரடை. பின்னால ஒரு பெயர்ச்சொல் வரவேணும்; 'மெஷர்ஸ்' எண்டா நடவடிக்கை. 'றெமெடி' வேற, 'றெமீடியல்' வேற. கனபேர் பிழையாப் பாவிக்கினம்!"

சொல்லச் சொல்ல அவருக்கே தன்மேல் மரியாதை பெருகியது. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது.

பெண்கள் இருவரும் வாளிகளோடு குழியில் இறங்கினார்கள். கரையில் கதிரை போட்டு அமர்ந்த குணரத்தினம், குண்டு விழமுன் இறைப்பதால் இதை றெமீடியல் என்பது தகுமா என்று பொழுதுபடும்வரை ஆராய்ந்தார்.

சில நாட்களில், காலையில் அபாயச் சங்கு அலறியது. முதல் ஆளாகக் குழிக்குள் குதித்தவர் அவர்தான். சீனன்குடாப் பக்கம் குண்டுகள் அதிர்ந்தன; மண் உதிர்ந்தது. ரபீக்கா குழந்தையை நெஞ்சோடு பொத்திக்கொள்ள, இருவரையும் கனகம்மா அணைத்துக்கொண்டாள். குணரத்தினத்துக்குச் சொல் வரவில்லை, எந்தப் பாஷையிலும்.

இரைச்சல் அடங்கியது. வெளியே வந்து பார்த்தால், ரபீக்காவின் வீட்டுக் கூரை சரிந்து கிடந்தது. குழியில் இருந்தவர்களுக்கோ ஒரு கீறலும் இல்லை. குணரத்தினம் சேற்றை உதறிவிட்டு, கூடிய சனத்திடம் அறிவித்தார்: "நாங்கள் எடுத்த றெமீடியல் மெஷர்ஸ் வேலை செய்திருக்கு!"

கொப்புளம் வெடித்த உள்ளங்கையைக் கனகம்மா அவர் முன் விரித்தாள்.

"'நாங்கள்' எண்டா என்ன அர்த்தம்? அதையும் ஒருக்காச் சொல்லுங்கோ."

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் 'றெமீடியல்' என்பதற்குச் சரியான தமிழ் பரிகாரமா, நிவாரணமா என்று இவ்வளவு நேரமும் மனதுக்குள் ஆராய்ந்துகொண்டிருந்தீர்கள் என்றால், கொஞ்சம் எழுந்து உள்ளே போய்ப் பாருங்கள். ஏதோ ஒழுகிக்கொண்டிருக்கும். யாரோ துடைத்துக்கொண்டிருப்பார்கள்.