தோளைத் தவிர அனைவரும் நலம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களின் சமூகத்திற்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு என் வலது தோளைத் தவிர அனைவரும் நலம். தாங்களும் அக்காவும் தோள் உட்பட நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். தலைமை அலுவலகத்தில் உங்கள் மேசை ஜன்னலோரத்துக்கு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மிக்க மகிழ்ச்சி. அந்த மேசையிலிருந்து எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக நாற்சந்தியில் நின்று கையைத் தூக்கி வண்டிகளை நிறுத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பு ஒரு காலையில் சட்டையை மாட்டும்போது கை பாதியில் நின்றுவிட்டது. தோள்பட்டை இறுகிவிட்டதாம். சரியாகிவிடும் என்று வேலைக்குப் போனேன். கை நெஞ்சுயரத்துக்கு மேல் போகவில்லை. நிறுத்தச் சொல்கிறேனா, வரச் சொல்கிறேனா என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் நான் நிறுத்தியதாக நினைத்த பேருந்து நிற்காமல் வந்து, ஒரு பள்ளி வேனுக்கு ஒரு முழம் தள்ளி பிரேக் போட்டது. வேனுக்குள் குழந்தைகள் வீறிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் டைம் தர்றேன். டாக்டர் முன்னாடி நின்னு கையை நேரா மேலே தூக்கினா அது காதைத் தொடணும். தொடலைன்னா கீழே ரெக்கார்டு ரூமுக்குப் போயிடு, என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார். அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் கிடையாது. ஏழு வருடமாக அங்கே இருப்பவர் என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "வெளிய மழையா?"

பயந்துபோய் அவசரப்பட்டேன். எங்கள் நிலையத்தில் 'கொக்கி' என்று ஒருவன் இருக்கிறான். கண்ட இடத்தில் நிறுத்திய வண்டிகளைக் கட்டி இழுத்துப் போகிற வண்டிக்கு அவன்தான் டிரைவர். சிக்கிக்கொண்டது எதுவானாலும் இழுத்தால் வந்துவிடும் என்பது அவன் அனுபவம். "அண்ணே, கண்ணை மூடிக்குங்க" என்றான். மூடினேன். அடுத்த பத்து நாள் சோற்றை இடது கையால் சாப்பிட்டேன்.

அதன் பிறகுதான் பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். வயது என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் இன்ஸ்பெக்டரை விடக் கண்டிப்பு. சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், விரல்களால் மெல்ல மெல்லச் சுவரில் ஏற வேண்டும், வலிக்கிற இடத்தில் நின்று பத்து எண்ணி இறங்க வேண்டும். "ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை ஏறினாப் போதும் சார். சில நாள் எறங்கும். அதுக்காக விட்டுறாதீங்க" என்றார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஆரம்பித்தேன். முதல் நாள் மூக்குயரம்கூட எட்டாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. உங்கள் தங்கை தினமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள். கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஒரு நாள்கூட இறங்கவில்லை. மச்சான், எனக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரரை உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினேன்.

நேற்று மாதம் பிறந்ததால் காலண்டர் தாளைக் கிழிக்கப் போனேன். ஆணியோடு காலண்டர் கையில் வந்துவிட்டது. அதன் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. பதினெட்டாம் நாள் பென்சில் கிடைக்காமல் நானே சிவப்புப் பேனாவால் போட்ட கோடு. அது கடைசியாகப் போட்ட முப்பதாம் நாள் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. பதினெட்டாம் நாள் எட்டிய இடத்தை முப்பதாம் நாள் எட்டவில்லை என்றால், நடுவில் ஏறியது என்ன?

"சுவத்துல யார் கை வச்சது?" என்று கேட்டேன். உங்கள் தங்கை மறைக்கவில்லை. "நான்தான். உங்க கை எறங்குன அன்னிக்கெல்லாம் முந்துன நாள் கோடுங்களை அழிச்சுட்டுக் கீழே தள்ளிப் போட்டேன், அன்னிக்குப் போட்டது மேலே தெரியணும்னு. சிவப்பு மையை அழிக்க முடியலை, காலண்டரை மாட்டினேன்."

"எதுக்கு?"

"கோடு ஏறலைன்னா மறுநாள் போர்வையை இழுத்துப் போத்திக்கிறீங்க. நான் வேற என்னங்க பண்றது?"

அவள் முன்னாலேயே விரலைச் சுவரில் வைத்தேன். சிவப்புக் கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அவள் மேல் வந்த கோபத்தை விட, இத்தனை நாள் அந்தக் கோடுகளைப் பார்த்துப் பூரித்த என்மேல்தான் அதிகக் கோபம். நேற்றிலிருந்து நாங்கள் பேசவில்லை. பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள்தான். டாக்டர் முன்னால் போய் நின்று, பாதியில் நிற்கிற கையைக் காட்டுகிற தைரியம் எனக்கு இல்லை. அதனால் பரிசோதனைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, ரெக்கார்டு அறைக்கே உத்தரவு போட உங்கள் மேசை மூலம் ஏற்பாடு செய்யுங்கள். மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தால் நல்லது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மூத்தவரான தங்களை நெஞ்சளவில் கைகூப்பி வணங்குகிறேன். தலைக்கு மேல் கூப்ப முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை வேண்டும்
தங்கை கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு, பீரோவுக்கு மேலே இருந்து ஒரு கவரை எடுத்து உங்கள் விலாசத்தை எழுதினேன். தபால்தலையும் ஒட்டிவிட்டேன். ஒட்டிய பிறகுதான் உறைத்தது, கவரை எடுத்தது வலது கை. வலித்தது, ஆனால் எடுத்துவிட்டது. பதறிப்போய் டேப்பை வைத்து அளந்தேன். சிவப்புக் கோட்டை விட நான்கு விரற்கடை உயரம். கோட்டை இறக்கியவள் பீரோவையும் இறக்கியிருப்பாளோ என்று குனிந்து அதன் கால்களைக்கூடப் பார்த்தேன். அறுத்த அடையாளம் ஏதும் இல்லை. கை காதைத் தொட இன்னும் ஐந்தாறு விரற்கடைதான் பாக்கி, கையில் ஒன்பது நாள் இருக்கிறது. ஆகவே பட்டியலில் என் பெயர் அப்படியே இருக்கட்டும். இவ்வளவையும் திருப்பி எழுத என்னால் ஆகாது, அதனால் இதையே அனுப்புகிறேன். மேலே உள்ளதில் நலம் விசாரித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. உங்கள் தங்கை என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள் போலிருக்கிறது. திரும்பிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அவள் பார்க்க, வலது கையாலேயே இன்னொரு கவரை எடுக்கப் போகிறேன்.