கடைசி ரீல்

பல் வைத்தியர் தீர்மானித்துவிட்டார். பெண்டாட்டிக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தே தீருவது! பகல் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லும் மனுஷனுக்கு, வீட்டில் ஒரே ஒரு வாயை மூடவைக்க வழி தெரியவில்லை.

அவருக்குப் பேசாப்படப் பைத்தியம். அதிலும் அழுகைப் படங்கள். அலமாரியில் துணிக்கு இடமில்லை, எல்லாம் ரீல் டப்பா. வேறு எவனிடமும் இல்லாத படம் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் கடைசி ரீல் இல்லை. கதாநாயகி கதி என்னவென்று தெரியாமல் வருஷக்கணக்காகத் தவித்தார். அந்த ரீலை வைத்திருந்த ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் இப்போதுதான் மனசு இறங்கி, "நாளைக்கு வீட்டுக்குப் போன் பண்றேன்" என்றிருந்தார்.

அன்று மாலை இருந்த ரீல்களைச் சுவரில் ஓட்டினார்.

"பாத்தியா? மாமியார் அடிக்கிறா, புருஷன் துரத்தறான். வாயைத் திறக்கறாளா அவ?"

"ஊமைப் படத்துல எப்படிங்க திறப்பா?"

"நீயும் அவளை மாதிரி இருந்து பாரேன்!"

"அவ்வளவுதானே? இருக்கேன்."

மறுநாள் காலை வீடே நிசப்தம். காபியோடு ஓர் அட்டை வந்தது: 'சர்க்கரை தீர்ந்துவிட்டது.' அட, சொர்க்கம்! விசில் அடித்துக்கொண்டே கிளினிக் போனார். பாதி பல்லைப் பிடுங்கும்போதுதான் போன் ஞாபகம் வந்தது. பிடுங்கினதும் பிடுங்காததுமாக வீட்டுக்கு ஓடினார்.

"போன் வந்துதா?"

ஆமென்று தலையாட்டினாள்.

"என்னடி சொன்னே?"

அட்டை: 'நான்தான் பேசுவதில்லையே.'

"ஐயோ, குடியைக் கெடுத்தியே! வேற எவன்கிட்டயாவது குடுத்துடுவாரே அந்த மனுஷன்!" தரையில் உட்கார்ந்துவிட்டார். "தாயே, தப்பு என்னுது. இனிமே உன்னைப் பேசாதேன்னு சொல்லவே மாட்டேன். படம் ஓடும்போதுகூடப் பேசு. சத்தியம்!"

"அப்படி வாங்க வழிக்கு," என்றாள் நிதானமாக. "போன்ல பதில் வரலேன்னு அவர் நேர்லயே வந்து குடுத்துட்டுப் போயிட்டார். நல்ல மனுஷன், ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தோம்."

டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் வைத்தியர். சோறு வேண்டாம் என்றார். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, ரீலை மாட்டினார். அவள் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசியில அவ வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போயிடறா. புருஷன்காரன் வாசல்ல கெடந்து அழறான், அதோட படம் முடியுது. ம், போடுங்க."