இல்லாதவன் வாங்கிய நூறு

உலகத்தரம் என்று ஒன்று இருக்கிறது. நம்மிடம் இருப்பது தரமா இல்லையா என்று அதுதான் சொல்ல வேண்டும். ஆகவே நமது ஆங்கிலத் தேர்வைச் சர்வதேச மொழிப் படிநிலைகளோடு பொருத்திவிடுவது என்று மேலிடம் திருவுளம் கொண்டது. அதற்கு இயக்குநர் தலைமையில் ஒரு குழு, குழுவுக்கொரு குளுகுளு அறை.

குழுவில் துணை இயக்குநரும் இருந்தார். ஆமாம் போட்டே பதவி உயர்ந்தவர் என்பதால் ஆபீசில் அவருக்குத் தலையாட்டி என்று பெயர். இந்தத் தடவை மனுஷருக்கு உள்ளூர உதறல். ஊசி போடுவதற்கும் ஆங்கிலத்தில் நாலாம் படி வேண்டும் என்று புதிதாக ஓர் ஆணை வந்திருந்தது. அவருடைய தங்கை பெரியாஸ்பத்திரி நர்ஸ். தேர்வை எழுதிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பாஸ் மார்க் எவ்வளவு என்பது இந்த அறையில்தான் முடிவாக வேண்டும்.

எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத நிபுணர் ஒருவர் முறையை விளக்கினார்.

"நாலாம் படியில ஒத்தக் காலை மட்டும் வச்சு நிக்கிற ஒருத்தனைக் கற்பனை பண்ணிக்குங்க. ஒவ்வொரு கேள்விக்கும் அவன் சரியா எழுதுவானா மாட்டானான்னு சொல்லுங்க. அவன் வாங்குற மார்க்தான் பாஸ் மார்க்."

முதல் கேள்விகளை ஒற்றைக்காலன் ஊதித் தள்ளினான். பிறகு வந்தது ஒரு கேள்வி. இயக்குநர் விட்டத்தைப் பார்த்தார். கோட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். விடை ஒருத்தருக்கும் தெரியவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

தலையாட்டிக்குத் தங்கை ஞாபகம் வந்தது. தொண்டையைக் கனைத்தார்.

"சார், இதுல அவன் கொஞ்சம் தடுமாறுவானோன்னு..."

"ஏன், நீங்க தடுமாறுறீங்களோ?" என்றார் இயக்குநர்.

"சேச்சே! எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு சார்."

"அப்ப அவனுக்கு மட்டும் என்ன கேடு?"

"எழுதிடுவான் சார்."

"எழுதிடுவான், எழுதிடுவான்" என்று குழு ஏகமனதாக வழிமொழிந்தது. அப்புறம் எந்தக் கேள்விக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒற்றைக்காலன் நூற்றுக்கு நூறு.

"தட்டுத்தடுமாறுறவனே நூறு வாங்குறான்னா, நம்ம தரம் எங்கேயோ போயிடுச்சய்யா!" என்று இயக்குநர் பூரித்தார். பாஸ் மார்க் நூறு என்று அறிவிப்பு வந்தது.

தங்கைக்குத் தொண்ணூற்று நாலு. ஆஸ்பத்திரி நர்ஸ்கள் அத்தனை பேரும் ஃபெயிலாகி வேலையிழந்தார்கள்; அவளும் வீட்டுக்கு வந்தாள்.

"யாருண்ணா அந்த நூறு வாங்கினவன்?"

"அப்படி யாரும் இல்லம்மா. நாங்களா நினைச்சுக்கிட்டோம்."

"நல்லா நினைச்சீங்க போ! இல்லாதவன் பாஸு, இருக்கிறவ ஃபெயிலா?"

அண்ணனை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டு அறிவிப்பைத் திரும்பப் பெற விதிகளில் இடமில்லை. அவர் மறுநாள் நடந்த பாராட்டு விருந்துக்குப் போனார்.

விருந்து என்னவோ அமர்க்களம்தான். பரிமாறியது பழையதா, பாத்திரம் கழுவாததா தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் குழு முழுவதும் பெரியாஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்திருந்தது. வாசலில் 'உலகத்தரம் வாய்ந்த வார்டு' என்று பளபளவென்று பலகை. டாக்டர் ஊசி எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடினார். போடத்தான் ஆளில்லை. இயக்குநர் மணியை அடித்து அடித்து ஓய்ந்தார்.

வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு அண்ணனைப் பார்க்கத் தங்கை வந்தாள்.

"அம்மா தாயே, நீ நர்ஸ்தானே? அந்த ஊசியைப் போட்டு விடும்மா!" என்று கெஞ்சினார் இயக்குநர்.

"போடத் தெரியும் சார். தகுதி இல்லையே. நூறு வாங்கினவன்தான் போடணும்."

"ஐயோ, வயிறு..."

"அவன் வரமாட்டான்னு உங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே போடுறேன்."

கோட்டுக்காரர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் விட்டத்தைப் பார்த்தார்.

"வந்துடுவான்" என்றார் இயக்குநர்.

"வந்துடுவான், வந்துடுவான்" என்று கட்டில் கட்டிலாக முனகல் எழுந்தது.

தங்கை அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாயைத் திறந்தார். பக்கத்துக் கட்டிலை ஒரு தடவை பார்த்தார். பிறகு வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"வந்துடுவான் சார்."