அண்ணனுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஆல்-இன்-ஒன்

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணினி நிபுணன் விபத்தாகத்தான் வாய்க்கிறான். எங்கள் குடும்பத்தில் அந்த விபத்து நான். பல வருடங்களுக்கு முன் அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வீட்டில் பிரின்டர் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் சுற்றி நின்று கவலைப்பட்டபோது, நான் போய்ப் பிளக்கைச் சுவரில் சரியாகச் செருகினேன். அவ்வளவுதான். அன்று முதல் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் போன், டிவி, மைக்ரோவேவ் எது மக்கர் செய்தாலும், "குணாவைக் கேளு" என்றார்கள். (நான் பிரிக்பீல்ட்சில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இன்சூரன்ஸ் பாரம் நிரப்புகிறவன். கணினியில் எனக்குத் தெரிந்த உச்சகட்ட வித்தை, அணைத்துவிட்டு மறுபடி போடுவது.) எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மரியாதை யாருக்குக் கசக்கும்?

உண்மையிலேயே விஷயம் தெரிந்தவர் என் அண்ணன் சந்திரன்தான். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் இயந்திரம் ஓட்டியவர். பண்டமாரானில் வீடு. சனி ஞாயிறு வந்தால் வீடியோ கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சொந்தத்தில், நட்பில் யார் வீட்டு விசேஷமானாலும் போய்ப் படம் பிடிப்பார். காசு வாங்க மாட்டார். பந்தியில் இரண்டாவது அப்பளம் மட்டும் கேட்பார். அப்படிச் சேர்ந்தவை நாற்பத்தொரு டேப். மின்விசிறி, ரேடியோ, தையல் மெஷின் எதுவானாலும் திறப்பார், பார்ப்பார், மூடுவார். மூடியபின் அது ஓடும். (நான் திறந்த எதையும் இதுவரை முழுசாக மூடியதில்லை.)

அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். பரவிவிட்டது, சில மாதங்கள்தான் என்றார் டாக்டர். அண்ணன் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நாலாம் நாள் எனக்குப் போன் செய்தார்.

"குணா, ஒரு கம்ப்யூட்டர் வேணும்டா. டேப்பெல்லாம் முன்னாடியே கடையில குடுத்து ஹார்ட் டிஸ்க்குல ஏத்தி வச்சிட்டேன். ஒவ்வொண்ணுலயும் யார் யாருன்னு என் வாயால பேசிப் பதிஞ்சிடணும். பாதிப் பேரு செத்துட்டாங்க. மீதிப் பேரை அடையாளம் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நானும் போயிட்டா அவங்கள்லாம் வெறும் கூட்டம்டா."

"சரிண்ணே."

"தனிப் பெட்டி வச்ச சிபியுவா பாரு. பழசா இருந்தாலும் பரவால்ல. மெமரி கூட்டிக்கிற மாதிரி இருக்கணும். வீடியோ வேலை, ரொம்ப இழுக்கும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடியாது.

மறுநாளே கோலாலம்பூரில் மாடி மாடியாகக் கணினிக் கடைகள் இருக்கும் ஒரு வளாகத்துக்குப் போனேன். கடையில் இருந்த தமிழ்ப் பெண் எடுத்த எடுப்பிலேயே என்னை அங்கிள் என்றாள். (எனக்கு அப்போது நாற்பத்தாறு. தலைக்குச் சாயம் அடித்து இரண்டே நாள்.) என்ன வேலைக்கு என்று கேட்டாள். வீடியோ என்றேன். கறுப்பாக, கட்டையாக ஒரு பெட்டியைக் காட்டினாள். திரையோடு ஆயிரத்துத் தொள்ளாயிரம் மலேசிய வெள்ளி. பின்னால் வயர்கள் கொத்தாகத் தொங்கின.

அதற்குப் பக்கத்தில்தான் அது நின்றது. வெள்ளை நிறம். விரல் தடிமன். திரைக்குள்ளேயே கணினி மொத்தமும் அடங்கிய ஆல்-இன்-ஒன். கீழே ஒரே ஒரு வயர். விலை இரண்டாயிரத்து நூறு.

"அது பாக்க அழகுதான் லா அங்கிள்," என்றாள் அந்தப் பெண். "ஆனா மெமரி நாலு ஜிபிதான். போர்டோட ஒட்டியே வந்துரும், பின்னாடி கூட்ட முடியாது. பதினாறு போட்ட மாடலும் இருக்கு. மூவாயிரத்து நானூறு. வெளிய பாக்க ரெண்டும் ஒண்ணுதான். உங்க வேலைக்குப் பெட்டியே எடுங்க. வேணும்கிறப்ப தொறந்து மாத்திக்கலாம்."

"தெரியும், தெரியும்," என்றேன்.

அந்த நேரம் எனக்கு அண்ணனின் அறைதான் ஞாபகம் வந்தது. கட்டில், மருந்து மேசை, சலைன் தொங்கவிடும் கம்பி, ஓட்டை வைத்த நாற்காலி. அங்கே இருந்த ஒவ்வொரு பொருளும் இவர் சாகப்போகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னொரு பெட்டியும் வயரும் அங்கே வேண்டாம், ஒரே ஒரு பொருளாவது அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். (இப்படிச் சொன்னால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். அண்ணனைப் பார்க்க வருகிறவர்கள் "அட, இது யார் வாங்கிக் குடுத்தது?" என்று கேட்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.) மூவாயிரத்து நானூறுக்கு என் கையில் வழியில்லை. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான் என்று அவளே சொல்லிவிட்டாளே. நாலு போட்டதையே எடுத்தேன்.

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. "டிவி மாதிரியே இருக்கே தம்பி!" என்று திரையை முந்தானையால் துடைத்தார். அண்ணன் மட்டும் அதன் முதுகை விரலால் தடவிக்கொண்டே போனார். திருகாணி தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றுகூட அகப்படவில்லை.

"இதுல மெமரி மாத்த முடியுமாடா?"

"தாராளமா மாத்தலாம்ணே."

"டாக்டரு எனக்கு எதையும் மாத்த முடியாதுன்னுட்டாரு. இதுக்காவது முடியுதே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதுதான் ஆகச் சுலபமாக வந்தது.

அண்ணனுக்குக் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிவரைதான் குரல் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு மருந்து அவரை இழுத்துப் படுக்க வைத்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தைக் கணினி தின்றது. படம் ஓடும், நிற்கும். அவர் பேசிய குரல் ஒரு பக்கமும் ஆட்கள் ஒரு பக்கமுமாகப் போவார்கள். பாதியில் எல்லாம் தானாக மூடிக்கொள்ளும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். "இது பந்திங் ஊர்ப் பெரியப்பா, இது அவரு மூணாவது மக..." ஒரே பெயர்களை ஒரு காலையில் நான்கு முறை சொல்வார். "செத்தவங்கள இத்தனை தடவ கூப்பிடுறேன், யாராச்சும் எழுந்து வந்துரப் போறாங்க," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். மூன்று வாரத்தில் இரண்டே டேப்தான் முடிந்தது. அவர் திட்டவில்லை. ஒவ்வொரு போனிலும் கடைசியாக, "அந்த மெமரியக் கூட்டிக் குடுத்துரு குணா," என்பார். நான் "அடுத்த வாரம்ணே," என்பேன்.

இதற்கிடையில் இணையத்தில் ஒருவன் இதே மாதிரி ஒரு வெள்ளைக் கணினியை நான்கே நிமிடத்தில் திறந்து மெமரி போடும் வீடியோவைப் பார்த்தேன். கடைக்காரப் பெண்ணுக்கு விஷயம் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். (அவன் திறந்தது வேறு மாடல். அதை அவன் நாலாவது நிமிடத்தில் சொல்லியிருக்கிறான். நான் மூன்றாவது நிமிடத்திலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.) அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வேறு கடையில் ஒரு மெமரித் துண்டை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பண்டமாரான் போனேன்.

சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்துக் கணினியைக் கிடத்தினேன். அண்ணனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தோம். அண்ணன் மகள் துர்காவும் இருந்தாள். கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

"சித்தப்பா, இது எப்படித் தொறக்குறதுன்னு நிச்சயமா தெரியுமா?"

"நீ டார்ச்ச மட்டும் புடி."

திருகாணி இல்லை. கண்ணாடியைச் சுற்றி மெல்லிய இடுக்கு ஒன்று ஓடியது. அண்ணியிடம் காய் நறுக்கும் கத்தியை வாங்கி அதில் நுழைத்தேன். டக் என்று ஒரு பக்கம் விட்டது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுபக்கத்துக்குப் போனேன்.

"டேய், நெம்பாதடா," என்றார் அண்ணன்.

"இருங்கண்ணே, வந்துருச்சு."

முறுக்கைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரு கோடு ஓடியது. அதிலிருந்து கிளைகள் பிரிந்தன. கையை எடுத்தால் அவமானம் என்று நான் மிச்சத்தையும் நெம்பிக் கழற்றினேன்.

அண்ணன் குனிந்து உள்ளே பார்த்தார். "செருகுற எடம் எங்கடா?"

அப்படி ஓர் இடமே இல்லை. போர்டில் கறுப்புச் சில்லுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அந்தப் பெண் சொன்னது அப்படியே. சூடம் ஏற்றிய தட்டோடு நிற்கிறவனுக்குக் கோயிலைக் காணவில்லை என்றால் எப்படி இருக்கும்? மெமரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் நின்றேன்.

"மாத்த முடியாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"கடையில சொன்னாங்கண்ணே."

அண்ணி என் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கிக்கொண்டார், சின்னப் பிள்ளையிடமிருந்து வாங்குவதுபோல. அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நின்றபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

"மூணு வாரம்டா, குணா," என்றார்.

நான் வாசலில் செருப்பு அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் துர்கா வந்தாள். "என் ரூம்ல காலேஜ் காலத்து சிபியு ஒண்ணு கெடக்கு சித்தப்பா. எடுத்துட்டு வந்துருவோமா?"

காரில் போய்க் கொண்டுவந்தோம். ஒரு பக்கத்து மூடி இல்லை. தூசி படிந்து, வயர்கள் குடல்போல வெளியே கிடந்தன. அதைப் பார்த்ததும் அண்ணன் முகம் மாறியது. "இதுதான்டா கம்ப்யூட்டர்!" என்றார். நான் பரிகாரமாக என் மெமரித் துண்டை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது லேப்டாப்புக்குடா. இதுல உக்காராது."

சரியானதை மறுநாள் துர்கா வாங்கி வந்தாள். அவர் நாற்காலியில் இருந்தபடியே சொல்லச் சொல்ல அவளே செருகினாள். "ரெண்டு முனையிலயும் சமமா அமுக்கு. சத்தம் கேக்கும்." "கேட்டுச்சுப்பா." எனக்கு டார்ச் பிடிக்கும் வேலை. அதுவும் இரண்டடி தள்ளி நின்று.

ஐந்து வாரம் அண்ணன் பேசினார். நாள் போகப் போகக் குரல் இளைத்தது. கடைசி டேப்புகளில் ஒலியைக் கூட்டி வைத்தால்தான் பெயர் கேட்கும். முப்பத்துநாலாவது டேப்பை முடித்த அன்று, "மிச்சத்த நாளைக்கு," என்றார். மறுநாள் குரல் வரவில்லை. ஒன்பது நாளில் போய்விட்டார்.

இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் பண்டமாரான் வீட்டில் கூடி அந்த டேப்புகளைப் பார்க்கிறோம். நான் வாசலில் கால் வைத்ததும், "கத்தியெல்லாம் எடுத்து உள்ள வைங்க!" என்று யாராவது கத்துவார்கள். எனக்குப் பழம்கூட நறுக்கித்தான் வரும். இருபத்தேழாவது டேப்பில் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் நான் வாய் நிறையச் சோற்றோடு வருவேன். அண்ணன் குரல் சொல்லும்: "இது என் தம்பி குணா. நல்ல பய. இவன் கையில கத்திய மட்டும் குடுத்துராதீங்க." அப்போது பிறந்தே இராத பிள்ளைகள்கூட அந்த வரியை அவரோடு சேர்ந்து சொல்கிறார்கள்.

முப்பத்தைந்தாவது டேப்பிலிருந்து குரல் இல்லை. அதில் நீலச் சட்டை போட்ட ஒருவர் கல்யாண மண்டபத்தில் ஆடுவார். அவர் டெங்கில் ஊர்ப் பக்கத்து ஆள் என்பார் ஒருவர். இல்லை, துறைமுகத்தில் அண்ணனோடு வேலை செய்தவர் என்பார் இன்னொருவர். "அவருக்குத்தான் தெரியும்," என்பார் அண்ணி. அந்த மூன்று வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் என்று யாரோ தொடங்குவார்கள், என்னைப் பார்ப்பார்கள், பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

அந்த அமைதி நீளக்கூடாது என்று நானே கத்திக் கதையை எடுத்துவிடுவேன். முதல் ஆளாக நான்தான் சிரிப்பேன். பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். நீலச் சட்டைக்காரர் ஆடிக்கொண்டே கேமராவின் பக்கம் திரும்பி, அதைப் பிடித்திருக்கும் அண்ணனிடம் என்னவோ சொல்வார். மேளச் சத்தத்தில் அது இதுவரை எங்கள் யாருக்கும் கேட்டதில்லை.