சமதரைக்காரர் விற்ற சைக்கிள்

டனீடின், வடகிழக்குப் பள்ளத்தாக்கு
மார்ச் 15, ஞாயிறு மாலை

அன்பு நிறைந்தவனும் பதில் எழுதச் சோம்பல் நிறைந்தவனுமான அண்ணன் அலிஸ்டருக்குத் தங்கை ரோனா எழுதுவது.

இங்கே நானும் பூனையும் நலம். மழை எங்கள் இருவரையும்விட நலமாக இருக்கிறது. அங்கே நீயும், அண்ணி மோராக்கும், அண்ணியின் புது முழங்காலும், பெயர் வைத்த மூன்று நாய்களும், பெயர் வைக்காத எண்ணூறு ஆடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் பண்ணைப் பக்கம் கைப்பேசி எடுக்காது. மின்னஞ்சலை நீ திறப்பது ஆட்டுக்கு மயிர் வெட்டி முடித்த பிறகுதான். ஆகவே தாளில் எழுதுகிறேன். தயவுசெய்து அடுப்புப் பற்றவைப்பதற்கு முன் படித்துவிடு.

விஷயம் இதுதான்: பட்டியலிலிருந்து என் பெயரை அடிக்காதே. அண்ணிக்கு முழங்கால் மாற்றியதால் தீபகற்ப இருவர் சைக்கிள் சுற்றில் இந்த வருடம் ஓர் இடம் காலி என்று நீ எழுதினாய். "இருபதாம் தேதிக்குள் ஓடுகிற சைக்கிள் ஒன்று கையில் இருப்பதாக எழுத்தில் தகவல் வரவேண்டும், வராவிட்டால் லியான்" என்றும் எழுதினாய். உன் மருமகள் லியான்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. முப்பது வயது, தொடையா இயந்திரமா என்று சந்தேகப்படும்படியான கால்கள். ஆனால் பத்தொன்பது வருடமாகத் துறைமுகத்து ஓரச் சமதரையை நீ ஓட்டுகிறாய், ஹைகிளிஃப் மேட்டை அண்ணி ஓட்டுகிறார், நான் மேட்டின் உச்சியில் நிறுத்துகடிகாரத்தோடும் தேநீர்க் குடுவையோடும் நிற்கிறேன். உங்கள் நேரத்தை நொடி பிசகாமல் எழுதியிருக்கிறேன். என் நேரம் எந்தத் தாளிலும் இல்லை. அடுத்த வருடம் ஐம்பது. ஒரே ஒரு தடவை எனக்கும் அதில் ஓட வேண்டும் அண்ணா. அண்ணியின் இடம் வேண்டும், அந்த மேடு உட்பட. சைக்கிள் இருக்கிறது. அது கிடைத்த கதையைக் கேள்; நான் சாதாரணமாக ஆச்சரியக்குறி போடுகிறவள் அல்ல, இந்தக் கடிதத்தில் மன்னித்துக்கொள்.

பிப்ரவரி முதல் வாரம் இணைய ஏலத்தில் ஒரு பந்தய சைக்கிளைப் பார்த்தேன். பழைய எஃகுச் சட்டம், விரல் கனச் சக்கரம், வளைந்த கைப்பிடி, இரவு வானம் போல ஒரு நீலம். பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. ஆனால் நான் இருபத்திரண்டு வருடமாக ஆய்வுக்கூடத்தில், விவசாயிகள் அனுப்பும் மண்ணை நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள். ஆசையை அடக்கிக்கொண்டு, ஏலப் பக்கத்தின் அடியில் ஊரே பார்க்கும்படி கேள்விகள் கேட்கத் தொடங்கினேன். மொத்தம் முப்பத்தொன்று. விற்கிறவர் டெஸ்மண்ட் என்று, கிரைஸ்ட்சர்ச்சில் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. பிரேக் எப்படி என்றேன். "புதுசு மாதிரியே இருக்கும்மா, நான் அதைத் தொட்டதே கம்மி" என்றார். கியர் எல்லாம் விழுமா என்றேன். "எல்லாமே விழும். நான் என்னவோ ரெண்டுதான் போடுவேன்." இருக்கை உறுதியா என்றேன். "பதினோரு வருஷத்துல ஒரு மயிரிழை இறங்கினதில்லை!" இருபதாம் கேள்விக்குக் கீழே யாரோ ஒருவர் புகுந்து, "ஏம்மா, நீங்க சைக்கிள் வாங்கப் போறீங்களா, இல்ல அதைக் கட்டிக்கப் போறீங்களா?" என்று எழுதினார். நான் இருபத்தோராம் கேள்வியைக் கேட்டேன்.

ஏலம் முடியும் நாள் வரை ஒருவர்கூட விலை சொல்லவில்லை. ஏன் என்று யோசித்து, என் கேள்விகளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பார்த்தேன். எனக்கே அந்த சைக்கிள்மேல் பயம் வந்துவிட்டது. ஒரு நல்ல மனிதரின் வியாபாரத்தை நானே கெடுத்துவிட்டேனே என்று மனசு உறுத்தியது. கடைசி நிமிடத்தில் அவர் சொன்ன விலையையே போட்டேன். "வாழ்த்துகள், வென்றுவிட்டீர்கள்!" என்றது திரை. எதிரில் ஆளே இல்லாத யுத்தம்தான். இருந்தாலும் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன். பூனை சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்தது.

அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் ஓட்டி கிரைஸ்ட்சர்ச் போனேன். டெஸ்மண்ட் பாலாடைக்கட்டி போட்ட ஸ்கோன் ரொட்டி சுட்டு வைத்திருந்தார். அவர் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். அண்ணா, அந்த ஊரில் தெரு என்றால் இஸ்திரி போட்ட வேட்டி. கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். சைக்கிள் பறந்தது! நான்கு சுற்றுச் சுற்றினேன், ஐந்தாவது அவரைக் கேட்காமலே சுற்றினேன். இருக்கை மட்டும் எனக்கு மூன்று விரற்கடை உயரம். பெடலை எட்ட ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, பின்னாலிருந்து பார்த்தால் வாத்து போவதுபோல் இருந்திருக்கும். வீட்டுக்குப் போய் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "மேட்டில் ஏற்றியிருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். அது என் முப்பத்தொன்றில் இல்லை.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்தேன். என் தெரு எவ்வளவு செங்குத்து என்று உனக்குத் தெரியும், ரொட்டிக்காரர் வண்டி பின்பக்கமாகத்தான் வரும். பத்து அடி போனதும் பிரேக் பிடித்தேன், அது கத்தியது, இன்னும் அழுத்தினேன், இன்னும் கத்தியது, தெருவில் எல்லோரும் ஜன்னலைத் திறந்து பார்க்கும் அளவுக்கு மிகச் சிறப்பாகக் கத்தியது, ஆனால் நிற்பது என்கிற வேலையை அது தன் வேலையாகவே நினைக்கவில்லை, குப்பைத்தொட்டி ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, கடைசியில் பக்கத்து வீட்டு காலின் தோட்டத்துக்காக வாசலில் கொட்டி வைத்திருந்த மக்கு உரக் குவியலில் தோள்வரை புதைந்து நின்றேன். நல்ல உரம், ஈரம் மட்டும் சற்றுக் கூடுதல். காலின் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து, "என்ன ரோனா, மாதிரி எடுக்கறியா?" என்றார். சரி, மேலே ஏறியாவது பார்ப்போம் என்று திரும்பினால், இருப்பதிலேயே இலேசான கியரில் ஒரு மிதிக்கு ஒரு பிரார்த்தனை தேவைப்பட்டது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த பெண் என்னைத் தாண்டிப் போனாள். போகிறபோது, "உதவி வேணுமா?" என்று வேறு கேட்டாள்.

தெற்கு டனீடினில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் பட்டறை இருக்கிறது. கருவி அவர்களுடையது, கை நம்முடையது. நடத்துகிறவள் லோசா, சமோவாக்காரி, என் வயது, என்னைப் போல் இரண்டு மடங்கு குரல். சைக்கிளை ஒரு கையால் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க வாங்கின?"

"கிரைஸ்ட்சர்ச்சில்."

"ஏய், எல்லாரும் வாங்க! இன்னொரு கிரைஸ்ட்சர்ச் வண்டி வந்திருக்கு!" பட்டறையே கூடிவிட்டது. "பிரேக் புதுசு மாதிரின்னு சொன்னாரா?"

"சொன்னார்."

"ரெண்டே கியர்தான் போடுவேன்னாரா?"

"அதையும் சொன்னார்."

"பொய்யே பேசாத ஊரு அது! மேடுன்னு ஒண்ணு இருந்தாத்தானே பொய் சொல்லவேண்டி வரும்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது பிரேக் கட்டை இல்ல, கருங்கல்லு. உன் நகத்தால கீறிப் பாரு. இந்தப் பல்சக்கரத்தை வெச்சுக்கிட்டு ஹைகிளிஃப் ஏறணும்னா பின்னால தள்ள ரெண்டு ஆளு வேணும். இந்த சீட்டு இருக்கே, இது இறங்காது. சட்டத்தோட ஒட்டிப் பிறந்த மாதிரி ஆயிடுச்சு."

வேலை தொடங்கியது. ஒன்றைத் தொட்டால் அதன் சம்பந்தி வெளியே வந்தது. பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டோம், சங்கிலி எட்டவில்லை. புதுச் சங்கிலி போட்டோம், கியர் மாற்ற அதைத் தள்ளும் இரும்புக் கை எட்டவில்லை. கையை மாற்றினோம், கம்பி துருப்பிடித்திருந்தது போல, இழுத்ததும் பட்டென்று அறுந்து என் கையோடு வந்தது. பிரேக் கட்டைகளை நானே மாற்றினேன். நானே அண்ணா! ஆனால் இருக்கை மட்டும் எண்ணெய்க்கும் அசையவில்லை, சுத்தியலுக்கும் அசையவில்லை, லோசா அதை நோக்கிச் சொன்ன வார்த்தைகளுக்கும் அசையவில்லை. அன்று மத்தியானம் டெஸ்மண்டைக் கூப்பிட்டேன், நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று.

"நான் எதுலயாவது பொய் சொன்னேனாம்மா?" என்றார்.

யோசித்தேன். "இல்லை" என்றேன்.

"முப்பத்தொரு கேள்வி கேட்டீங்க. மேட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே. எனக்குத் தெரிஞ்ச மேடு எங்க ஊர்ப் பாலந்தான்." பிறகு, "மனசு சரியில்லன்னா கொண்டாந்து குடுத்துடுங்க. குடுத்ததை அப்படியே திருப்பித் தரேன். ஸ்கோனும் உண்டு" என்றார்.

இருபத்திரண்டு வருட ஆய்வுக்கூட அனுபவம் "சரி" என்று சொல்லச் சொன்னது. என் வாய், "வேண்டாம், இது என் சைக்கிள்" என்றது. யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அலுமினியக் குழாயும், எஃகுச் சட்டமும், ஒரு தபால்காரரின் வியர்வையும் பதினோரு வருடம் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் படிப்பு வீட்டு வேலைக்குப் பயன்பட்டது இதுவே முதல் தடவை. சைக்கிளைக் குளியலறையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, குழாய்க்குள் அமோனியா ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, நான்கு நாள் அலுவலகத்தில் முகம் கழுவினேன். பூனை காலின் வீட்டுக்குக் குடிபோய் ஐந்தாம் நாள்தான் திரும்பியது. அப்புறம் பட்டறை மேசையில் இருக்கும் இரும்புப் பிடியில் இருக்கைக் குழாயை இறுக்கிவிட்டு, முழு சைக்கிளையும் செக்கு மாதிரி நானும் லோசாவும் சுற்றித் தள்ளினோம். "தள்ளு! மூச்சை விடாத! இன்னும் கொஞ்சந்தான், தலை தெரியுது, தள்ளு!" என்று மருத்துவச்சி போல அவள் கத்த, எனக்குச் சிரிப்பில் கை வழுக்க, திடீரென்று படார் என்று துப்பாக்கி வெடித்த சத்தம். லோசா ஒரு பக்கம் தரையில், நான் ஒரு பக்கம் தரையில், குழாய் தனியாக, சட்டம் தனியாக! "சுகப்பிரசவம்!" என்றாள் லோசா. பட்டறையில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, அமோனியாவாகவும் இருக்கலாம்.

இன்று காலை ஹைகிளிஃப். எதிர்க்காற்று. முதல் வளைவில் நெஞ்சு காதில் அடித்தது. இரண்டாவது வளைவில், திரும்பிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மூன்றாவது வளைவில் ஓர் ஆடு வேலி ஓரமாக நின்று, முடிவு தெரிந்தவர் மாதிரி என்னைப் பார்த்தது. கடைசிக் கியருக்கு மாற்றினேன். விழுந்தது! மெதுவாக, ரொம்ப மெதுவாக, நடக்கிறவன் ஒருவன் வந்திருந்தால் பேசிக்கொண்டே வந்திருப்பான், ஆனால் கால் தரையில் படவில்லை அண்ணா, ஒரு தடவைகூடப் படவில்லை, உச்சியில் வழக்கமாக நான் நிற்கும் இடத்தைத் தாண்டி, சைக்கிள்மேல் உட்கார்ந்தபடியே தாண்டி, கத்தினேன். வார்த்தை ஒன்றுமில்லை, வெறும் சத்தம். இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. எத்தனை நிமிடம் என்று பார்க்க மறந்துவிட்டேன். இறங்கும்போது பிரேக் பிடித்தேன், நின்றது. மறுபடி விட்டுப் பிடித்தேன், மறுபடியும் நின்றது. ஆசைக்காக ஏழெட்டுத் தடவை நிறுத்திப் பார்த்தேன்.

ஆகவே, ஓடுகிற, ஏறுகிற, நிற்கிற சைக்கிள் ஒன்று என்னிடம் இருப்பதாக இதன்மூலம் எழுத்தில் தெரிவிக்கிறேன். என் பெயரை அடிக்காதே. நான் உன்னிடம் அதிகம் கேட்டதில்லை. லியானுக்கு அடுத்த வருடம் இருக்கிறது, அதற்கடுத்ததும் இருக்கிறது; எனக்கு இந்த வருடம் வேண்டும்.

அண்ணியின் முழங்காலுக்கு என் வணக்கம். நாய்களின் தலையைத் தடவிவிடு. ஆடுகளுக்குப் பொதுவாகச் சொல்லிவிடு. உன் கூரை ஒழுகாமல், உன் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்து, எல்லா நாளும் காற்று உன் முதுகுப் பக்கமே வீசட்டும்.

உன் அன்புத் தங்கை,
ரோனா

பி.கு. திங்கள் மதியம். இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பியபோது வாசல் பெட்டியில் சைக்கிள் சங்கத்திலிருந்து ஒரு தாள் கிடந்தது. நம் இருவரின் விண்ணப்பத்துக்கு நகல். நீ கையெழுத்துப் போட்ட தேதி பிப்ரவரி இரண்டு! நான் அந்த சைக்கிளைப் பார்ப்பதற்கே முன்னால் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, இருபதாம் தேதி, லியான் என்று என்னை மிரட்டியிருக்கிறாய். அதையாவது மன்னிக்கிறேன். ஓரத்தில் உன் கையெழுத்தில், "தங்கைக்குக் கடலோரச் சமதரை. மேடு நான் பார்த்துக்கொள்கிறேன். பாவம், முதல் தடவை" என்று இருக்கிறது. சமதரைக்கு டெஸ்மண்ட் கொடுத்த சைக்கிளே போதும் அண்ணா, ஒரு திருகைக்கூடத் தொட்டிருக்க வேண்டாம். அந்தப் "பாவம்" என்ற சொல்லை ஐந்து தடவை படித்தேன். பிறகு சங்கச் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு இடத்தை மாற்றிவிட்டேன். "அப்பாடா! அலிஸ்டர் மேடேறப் போறார்னு பாத்ததும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வெச்சிருந்தேன்" என்றார். ஆகவே மேலே நான் கெஞ்சியிருப்பதை எல்லாம் படிக்காதே. மேடு எனக்கு. சமதரையை நீ ஓட்டுவதாக இருந்தால், இருபத்தைந்தாம் தேதிக்குள் எழுத்தில் தகவல் வரவேண்டும். வராவிட்டால் லியான்.