பைக் மீன் பிடிக்கிறவனுக்குப் பெண் கொடுப்பதா?

லீட்ரிம்,
அக்டோபர் கடைசி வாரம்.

சாம்பியாவில் இறைப்பணி செய்யும் மதிப்பிற்குரிய அண்ணன் ஃபாதர் கொல்மன் அவர்களுக்குத் தம்பி பார்ட்லி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் நாயும் மாடுகளும் சுகம். என் இடது காது மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, அங்கே மழை தொடங்கியதா என்று எழுதவும்.

என் மகள் டெர்வ்லாவின் கல்யாணத்துக்கு வர முடியாது என்று நீங்களே அவளுக்கு எழுதிவிடுங்கள், பெரியப்பா வந்து ஆசீர்வதிக்காமல் அவள் மோதிரம் போட்டுக்கொள்ள மாட்டாள், காரியம் தானாக நின்றுவிடும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். அதற்கு நீங்கள், முதலில் அந்தப் பையனோடு ஒரு நாள் முழுக்க உட்கார், பிறகும் உனக்கு அதே எண்ணம் இருந்தால் நீ சொன்னபடி எழுதுகிறேன் என்று பதில் போட்டீர்கள். அண்ணன் சொல்லைத் தட்டியதில்லை. உட்கார்ந்துவிட்டேன். இனி உங்கள் வாக்கை நீங்கள் காப்பாற்ற வேண்டும்.

பின்டன் என்கிற அந்தப் பையன் டவுனில் முடி வெட்டுகிறான் என்பது தெரிந்ததே. அதைக்கூட மன்னித்துவிடலாம், தலை எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அவன் பைக் மீன் பிடிக்கிறவன். நாம் பிடிக்கிற டிரவுட் மீனின் குஞ்சுகளைத் தின்று ஏரியையே காலி செய்கிற பல்லுக்காரத் திருடன் என்று அப்பா பைக்கைக் கண்டால் கரையில் தூக்கி எறிவாரே, அந்த மீனைத்தான் இவன் இறகும் ஆட்டு முடியும் கட்டிய பொய்யிரையை வீசிப் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரிலேயே திரும்ப விடுகிறான். நம் வீட்டுப் பெண்ணை எப்படிக் கொடுப்பது? இதைத்தான் ஆகஸ்டில் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். "முடி வெட்டுறவன், பைக் பிடிக்கிறவன், ரெண்டுல ஒண்ணா இருந்தா பொறுத்துக்குவேன்" என்றேன். அவள் உருளைக்கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டு கோட்டை எடுத்துக்கொண்டு போனவள்தான். டவுனில் சிநேகிதி வீட்டில் இருக்கிறாள். அவள் அம்மா நோரா போய்ச் சேர்ந்தபிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அவள்தான். இப்போது ரேடியோவில் வானிலை அறிக்கை படிக்கிறவனுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொன்ன அந்த ஒரு நாளை அவன் மீன்பிடிப் படகிலேயே வைத்துக்கொண்டேன். நடு ஏரியில் வைத்து "என் மகளை விட்டுவிடு" என்று சொன்னால் அவனால் எழுந்து போக முடியாது என்பது என் திட்டம். என்னாலும் போக முடியாது என்பது படகு நகர்ந்த பிறகுதான் உறைத்தது. கில்லான் ஏரி உங்களுக்குத் தெரியும், பாதி இடத்தில் நெஞ்சளவுத் தண்ணீர்கூட இல்லை, இலையுதிர் காலத்தில் பாசி மஞ்சளாகிப் படுத்துவிடும், அந்தப் பாசி ஓரத்தில்தான் பைக் அசையாமல் நிற்குமாம். அவன் படகைக் காற்றோடு போகவிட்டான். என் கையில் கொடுத்த பொய்யிரை செத்த அணில் அளவு இருந்தது. டிரவுட்டுக்கு வீசுகிற மாதிரி அலட்சியமாகப் பின்னால் சுழற்றினேன், காற்று மாறியது, அணில் வந்து என் காதில் உட்கார்ந்தது. நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு பாதிரியாருக்கு எழுத முடியாது. அவன் பதறவில்லை. "ஆடாதீங்க மாமா, காது எனக்குப் பழக்கம். தினம் இருபது பாக்குறேன்" என்றான். மாமாவாம். மோதிரம் மாற்றவில்லை, நாள் குறிக்கவில்லை, அதற்குள் மாமா. மீனுக்கு வலிக்கக் கூடாது என்று தூண்டில் முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கித்தான் வைத்திருந்தான், அதனால் வெண்ணெயில் கத்தி மாதிரி வெளியே வந்துவிட்டது. என் முள்ளாக இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பேன். அதோடு விட்டானா? சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, கேட்காமலே, என் காதில் முளைத்திருந்த முடியையும் வெட்டிவிட்டான். இதையும் அவன் குற்றங்களில் சேர்த்துக்கொள்ளவும்.

பிறகு டீயோடு பழரொட்டி கொடுத்தான். டெர்வ்லா சுட்டது. இந்த மாதத்து ரொட்டியில் மோதிரம் ஒன்றைப் புதைத்துச் சுடுவோமே, அது யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அடுத்த கல்யாணம் என்று. என் கட்டுப்பல்லில் வந்தது. "உங்களுக்குத்தான் முதல்ல கல்யாணம் போல. நாங்க காத்திருக்கோம், பரவால்ல" என்றான், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல். மோதிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, இதுதான் சமயம் என்று சொல்லிவிட்டேன்.

"இந்தக் கல்யாணத்துல எனக்குச் சம்மதமில்ல."

"தெரியும் மாமா. டெர்வ்லா சொன்னா. நூலை இழுங்க, உங்க இரைக்குப் பின்னாடி ஒண்ணு வருது."

பார்த்தேன். பச்சையும் பொன்னுமாக, ஒரு கை நீளம், என் இரையின் வாலை முகர்ந்தபடி வந்து, படகுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து கவ்வியது. நான் தூண்டில் கோலைத் தூக்கினேன். போய்விட்டது.

"தூக்கிட்டீங்க" என்றான்.

"டிரவுட்டுக்கு அப்படித்தான்டா."

"இது டிரவுட் இல்லையே. இது கவ்விட்டு யோசிக்கும். அதுக்குள்ள நீங்க வாயிலேருந்து புடுங்கிடறீங்க. கோலு தாழவே இருக்கட்டும், கையால நூலை இழுங்க, போதும்."

சரி என்றேன். அடுத்ததிலும் தூக்கினேன். அதற்கடுத்ததிலும் தூக்கினேன். அறுபது வருஷத்துக் கை, மூளைக்குத் தகவல் போவதற்கு முன்பே மேலே போய்விடுகிறது. அவன் சிரிக்கவில்லை, திட்டவில்லை, ஒவ்வொரு முறையும் படகைத் திருப்பி மறுபடி காற்றுக்கு எதிரே துடுப்புப் போட்டான். எப்படியோ என் வாயும் சும்மா இல்லை. அவள் என்னைப் பற்றிப் பேசுகிறாளா என்று கேட்டுவிட்டேன்.

"பேச மாட்டா. ஆனா தினமும் வேலை முடிஞ்சா உங்க வீட்டுப் பக்கமாச் சுத்திட்டுத்தான் போறா. புகைபோக்கியில புகை வருதான்னு பாத்துட்டு. வரலேன்னா என்ன பண்ணுவன்னு கேட்டேன். உள்ள போவேன்னா."

காற்று பலமாக அடித்ததால் என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் ஏரியின் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆக, ஒரு நாள் உட்கார்ந்தாயிற்று. ஒரு மீனும் இல்லை, காதில் ஓட்டை, பல் ஆடுகிறது. மாப்பிள்ளை என்கிற சொல் என் பேனாவிலிருந்து வராது. நீங்கள் சொன்னபடி அவளுக்கு எழுதிவிடுங்கள். பூசையில் நோராவின் ஆன்மாவையும், மனமிருந்தால் என் காதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் ஆசிகளை நாடும் தம்பி,
பார்ட்லி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டெர்வ்லா வந்தாள். ரொட்டியின் மோதிரம் என்னிடம் இருக்கிறதாமே, அதைக் கேட்டு. கோட்டைக் கழற்றாமல் சமையலறை வாசலிலேயே நின்றாள். என் காதைப் பார்த்தாள், முடி வெட்டியிருப்பதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆகஸ்டிலிருந்து சேர்ந்த பேச்செல்லாம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நல்லதும் கெட்டதும். இந்த முறை நான் கோலைத் தூக்கவில்லை அண்ணா. கெட்டிலில் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "பெரியப்பாவுக்கு யாருப்பா எழுதறது, நீங்களா நானா?" என்றாள். நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய்யில்லை. மேலே இருப்பதைத் திரும்ப எழுதத் தாள் இல்லை, அதனால் அதைப் படிக்க வேண்டாம். கல்யாணத்தை ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள், டிக்கெட் எடுத்துவிடுங்கள். வரும்போது அங்கத்திய சேவல் இறகு, நீளமானதாக, ஒரு பொட்டலம் கொண்டுவரவும். மாப்பிள்ளைக்கு.